தோட்டத்துத் தாயாரின் சரித்திரம்

நம் முன்னோர் கடல் கடந்த கதையைச் சொல்லப் புகுந்த நூல்களுள் பெரும்பாலானவை ஆடவர் கதையாகவே முடிகின்றன. கங்காணி வருகிறான், துரை வருகிறார், காட்டை அழித்துத் தோட்டமாக்கிய தொழிலாளி வருகிறான். அவனோடு அதே கப்பலில் வந்த பெண்மகளோ, ‘உடன் வந்தோர்’ என்னும் ஒரு சொல்லுக்குள் மறைந்து போகிறாள்.

அவளைத் தேடியெடுத்து வரலாற்றின் நடுவே நிறுத்தியோருள் அருணிமா தத்தா என்னும் அறிஞர் குறிப்பிடத்தக்கவர். மலாயாத் தோட்டங்களில் உழைத்த இந்தியக் கூலிப் பெண்களைப் பற்றி இவ்வம்மையார் எழுதிய ஆராய்ச்சி நூல் 2021-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் வெளிவந்தது.

இதில் பினாங்குக்கு என்ன தொடர்பு என்பீரேல், கூறுவோம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியோர்க்கு முதற்கரை பினாங்கே. ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்ட பின்னரே அவர்கள் தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர். சஞ்சிக்கூலி முறை 1910-இல் ஒழிந்தது. இந்தியக் குடியேற்றச் சட்டம் 1922-இல் பிறந்தது. பெண்களும் வரவேண்டும் என்னும் குரல் இந்தியாவிலும் எழுந்தது, தோட்டக்காரரிடமும் எழுந்தது. 1921-இல் மலாயா இந்தியருள் 1000 ஆடவர்க்கு ஏறத்தாழ 400 பெண்டிரே இருந்தனர். 1947-இல் அத்தொகை 600-ஐக் கடந்தது.

தோட்டக்காரர் பெண்ணை விரும்பியது எதற்காக? அவள் கையுழைப்பு மலிவு. குடும்பம் இருந்தால் ஆடவன் ஓடிப்போகான். அவள் பெறும் பிள்ளை நாளைய கூலியாள். தாய்மையையும் இலாபக் கணக்கில் சேர்த்தனர். ஆனால் அதற்குரிய விலையைக் கொடுத்தனரோ? 1930-இல் விலைவீழ்ச்சி நேர்ந்தபோது ஆடவர் நாட்கூலி 50 காசிலிருந்து 40-ஆகவும், பெண்டிர் கூலி 40-லிருந்து 32-ஆகவும் குறைக்கப்பட்டன. ஏற்றத்திலும் அவளுக்குக் குறைவு. இறக்கத்திலும் அவளுக்குக் குறைவு!

விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டும். குழந்தையை ஆயாக் கொட்டகையில் விடவேண்டும். பால் வெட்டவேண்டும், புல் பிடுங்கவேண்டும். லயத்துக்கு மீண்டபின் அடுப்பும், ஆடுமாடும், காய்கறிப் பாத்தியும் அவளுக்காகக் காத்திருக்கும். இவ்வுழைப்புக்குச் செக்ரோலில் இடமில்லை. குடும்பம் கடனில் மூழ்காமல் தாங்கியதோ இவ்வுழைப்பே.

கணவனை விட்டுப் பிரிந்தவளை ஒழுக்கங்கெட்டவள் என்று துரைமாரும் நீதிமன்றமும் ஏசினர், நம்மவரும் ஏசினர். பிறன் மனைவியை ‘மயக்கிக்’ கொண்டுபோனான் என்று ஆடவன் மீது வழக்குத் தொடுத்தனர். பெண் ஓர் உடைமையானாள். அவள் மனம் யாருக்கும் பொருளாகவில்லை. அவ்வழக்கு ஏடுகளையே அருணிமா தத்தா வேறு கண்ணால் படிக்கிறார். அடி பொறுக்காமல் வெளியேறியவளையும், அதிகாரியிடம் முறையிட்டவளையும் அவற்றில் காண்கிறார். அவர்கள் முழு விடுதலை பெற்றார்கள் என்று அவர் மிகைப்படக் கூறவில்லை. கிடைத்த சிறு இடைவெளியைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தார்கள் என்கிறார். பேதைகள் என்றும் கெட்டவர்கள் என்றும் சொல்லப்பட்டவர்க்கு இதுவே நீதி.

1941-இல் கிள்ளான் வேலைநிறுத்தத்தின்போது, பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை ஒழிக்கவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாயிற்று. 1943-இல் தோட்டத்துப் பெண்கள் பலர் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். இவை திடீரென முளைத்த வீரமல்ல.

இவ்வறிஞர் 2023-இல் வெளியிட்ட மற்றொரு நூல், வெள்ளையர் குழந்தைகளைப் பேணிக் கப்பலில் சீமைக்குச் சென்ற ஆயாக்களைப் பற்றியது. வேலை முடிந்ததும் திரும்பும் வழியின்றி இலண்டனில் கைவிடப்பட்டோரும் அவர்களுள் உண்டு. பிறர் பிள்ளைக்குத் தாயானவளைத் தாங்க ஒருவருமில்லை!

அன்பர்களே! ஆட்சியாளர் எழுதி வைத்த ஏடுகளிலிருந்தே இவ்வளவு கிடைக்குமானால், நம் பாட்டிமார் நெஞ்சில் எவ்வளவு இருக்கும்? பினாங்கில் 1969 முதல் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெண்களைப் பற்றிய ஆராய்ச்சியும் அங்கு நடைபெறுகிறது. நம் பெண்மக்கள் அங்குப் புகவேண்டும். ஒவ்வோர் இல்லத்திலும் மூதாட்டியின் வாய்மொழியைக் கேட்டு எழுதி வைக்கவேண்டும். தாயின் வரலாற்றை அறியாத சமூகம் தன் வரலாற்றில் பாதியை இழந்ததாகும்.