மாமல்லபுரச் சிற்பப் பட்டறைகளில் கிரைண்டர்: பயிற்சி பின்தங்கிய வரலாறு

மாமல்லபுரத்தில் அரசுச் சிற்பப் பயிற்சி நிலையம் 1957இல் தொடங்கியது. முதல் தலைவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பின் அவர் மகன் வை. கணபதி ஸ்தபதி அதை நெடுங்காலம் நடத்தினார். இன்று கல்லூரியாக வளர்ந்துள்ள அந்த நிலையம் தொடங்கியபோது பட்டறையின் கருவிகள் உளியும் சுத்தியலும்தான். அதற்கு மூன்றாண்டு முன், 1954இல், ஜெர்மனியின் ஆக்கர்மான் – ஷ்மிட் நிறுவனம் கையில் பிடித்து ஓட்டும் ஆங்கிள் கிரைண்டரைக் கொண்டுவந்திருந்தது. சாணைச் சக்கரம் தயாரிக்கும் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் சென்னையில் உருவானதும் அதே ஆண்டில். கருவியும் சக்கரமும் கடற்கரைப் பட்டறைகளுக்கு வந்து சேரப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. வந்தபோது அவற்றைக் கற்றுக்கொடுக்க ஆசிரியர் எவரும் கூட வரவில்லை. இந்த இடைவெளியே இக்கட்டுரையின் பொருள்.

உளிக்கு ஒரு பயிற்சி முறை இருந்தது. பட்டறையில் சேரும் சிறுவன் உளி காய்ச்சுவதையும், சில்லு முகத்தில் தெறிக்காதபடி உளியைச் சாய்த்துப் பிடிப்பதையும் மூத்தவரைப் பார்த்தே பழகினான். கல்லைத் தட்டி அதன் ஓசையைக் கேட்கவும் பழகினான். மணிபோல் ஒலிப்பது ஆண் கல், தாளம்போல் ஒலிப்பது பெண் கல், ஒலி எழாதது சிலைக்கு ஆகாது என்பது சிற்ப நூல்களின் வகைப்பாடு. மேடையில் பொருத்தும் பீங்கான் பிணைப்புச் சாணைச் சக்கரத்துக்கும் உலகெங்கும் இதே சோதனைதான்: தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டினால் தெளிவாக ஒலிக்க வேண்டும், மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். செவியை இவ்வளவு பழக்கிய மரபு ஒன்றுக்கு இந்தப் பாடத்தை ஒரே நாளில் சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

கைக் கிரைண்டரின் ஆபத்து வேறு. நான்கு அங்குல மெஷின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று ஓடும்; விளிம்பின் வேகம் விநாடிக்கு 58 மீட்டர். பிசின் பிணைப்புச் சக்கரங்கள் பெரும்பாலும் 80 மீட்டர் வரைதான் தாங்கும். ஆழமாக அறுக்க வேண்டுமென்று அதே மெஷினில் ஏழு அங்குலச் சக்கரத்தை மாட்டினால் வேகம் 100 மீட்டரைத் தாண்டிவிடும். மாட்டுவதற்குச் சக்கரத்தை மூடும் காப்புக் கவசமான கார்டைக் கழற்றியாக வேண்டும். சரியான சக்கரம் போட்டிருந்தாலும் சிலையின் முழங்கை மடிப்புக்குள்ளோ இடை வளைவுக்குள்ளோ நுழையும்போது கார்டு கல்லில் இடிக்கும்; அதைக் கழற்றச் சொல்வது அலட்சியம் மட்டுமல்ல, வேலையின் அவசரமும்தான். வளைவுகளுக்குச் சிறிய தலையுள்ள கருவி எது, எந்த இடத்தில் உளிக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லாத பயிற்சி சிற்பிக்குப் பயன்படாது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, ஒவ்வொரு சாணை இயந்திரத்தின் அருகிலும் சக்கரத்தின் உச்ச வேகத்தை எழுதி வைக்கச் சொன்னது. 35ஆம் பிரிவு கண் பாதுகாப்புக்காக இருந்தது. பயிற்சி பெறுவதைத் தொழிலாளியின் உரிமையாக்கிய 111அ பிரிவு 1987இல்தான் சேர்ந்தது. பிரிட்டனிலோ 1970ஆம் ஆண்டு விதிகளே, பயிற்சி பெற்று நியமிக்கப்பட்டவரைத் தவிர வேறு யாரும் சக்கரம் மாட்டக்கூடாது என்றன. நம் சட்டமோ மின்சாரத்தோடு பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்கே பொருந்தியது. நான்கைந்து பேர் குந்தியிருந்து செதுக்கும் கொட்டகை அதன் கண்ணில் படவில்லை.

கிரைண்டர் வேலையில் தூசிதான் பெரிய கேடு. கல்வெட்டுவோரின் நெஞ்சு நோயை இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1700இலேயே எழுதிவைத்தார். உளி பெரும்பாலும் சில்லாக உடைக்கிறது, கிரைண்டர் மாவாக்குகிறது. கருங்கல்லில் பொதுவாகக் குவார்ட்ஸ் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நுரையீரலின் அடிவரை இறங்கித் தழும்பாக்குவது சிலிகோசிஸ், குணமாக்க மருந்தில்லை. இதே துகளைப் புற்றுநோய்க் காரணியென்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் உறுதிசெய்தது. முகத்தில் கட்டும் துண்டு இதைத் தடுக்காது. வெட்டுமிடத்தில் தண்ணீர் விழ வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் சேரும் அப்போது மின்கசிவுத் துண்டிப்பானும் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

ராஜஸ்தானின் பிண்ட்வாராவில் கோயில் கல் செதுக்குவோரிடையே சிலிகோசிஸ் பரவியது வெளிச்சத்துக்கு வந்தது. அம்மாநிலம் 2019இல் நோயாளிகளைக் கண்டறியவும் நிவாரணம் தரவும் தனிக் கொள்கையே வகுத்தது. மாமல்லபுரத்துக்குக் கிடைத்தவை பெருமைகள்: 2015இல் உலகக் கைவினை மன்றத்தின் கற்சிற்ப நகரப் பட்டம், 2017இல் புவிசார் குறியீடு. செதுக்குபவரின் மூச்சைப் பற்றி இரண்டும் பேசவில்லை.

தொழிற்சாலைச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், மின்சாரம் பயன்படுத்தும் தொழிற்சாலைக்கான வரம்பைப் பத்திலிருந்து இருபது பேராக உயர்த்திவிட்டது. ஆனால் உயிருக்கு ஆபத்தான வேலை நடக்கும் இடமென்று அரசு அறிவித்தால் ஆள் எண்ணிக்கை பாராமல் பாதுகாப்புக் கடமைகளைப் பொருத்த அதிலேயே வழி உண்டு. கற்சிற்பப் பட்டறைகளை அந்தப் பட்டியலில் சேர்க்கக் கோருவதற்கு மேலே சொன்ன தூசி ஒன்றே போதும்.