பெட்டோவின் வகுப்பறையும் பர்கூர் மலைச்சாலையும்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைப் பங்குபோட்டுப் பார்ப்பதே மருத்துவத்தின் வழக்கம். கைகாலுக்கு இயன்முறை மருத்துவர், பேச்சுக்கு வேறொருவர், படிப்புக்குச் சிறப்பாசிரியர். 1945-இல் புடாபெஸ்ட் நகரில் இந்த ஏற்பாட்டை மறுத்தார் அன்ட்ராஷ் பெட்டோ என்ற ஹங்கேரிய மருத்துவர். நரம்புப் பாதிப்பால் அசைய இயலாத பிள்ளைக்கு வேண்டியது கல்விதான் என்பது அவர் கட்சி. 1950-இல் அவர் தொடங்கிய பணி அரசு நிறுவனமானது. அங்கே நான்காண்டு பயிற்சி பெற்ற 'வழிநடத்துநர்' என்ற ஒருவரே எழுப்புவது, ஊட்டுவது, உடுத்துவது, எழுத்துச் சொல்லிக்கொடுப்பது அத்தனையும் பார்த்தார். சட்டம் அடித்த பலகைக் கட்டிலில் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து, "கையைத் தூக்குகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே தூக்குவார்கள். சட்டை போடுவதுகூட அங்கே பாடம். 1967-இல் பெட்டோ மறைந்தபின் அவர் இடத்துக்கு வந்த மாரியா ஹாரி அந்த நிறுவனத்தைக் கட்டிக்காத்தார்.

1986-இல் பிபிசி ஆவணப்படம் ஒன்று இம்முறையைப் பிரிட்டன் முழுக்கப் பேசவைத்தது; பெற்றோர்கள் புடாபெஸ்டுக்குக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆனால் பர்மிங்ஹாமில் நடந்த மதிப்பீடு 1993-இல் வெளியானபோது, மற்றச் சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளைவிடக் கூடுதல் முன்னேற்றம் தெரியவில்லை. எப்படியாவது நடக்கவைத்தே தீருவது என்ற பிடிவாதத்தை, தாமே சக்கர நாற்காலியில் இயங்கிய சமூகவியலாளர் மைக் ஆலிவர் கடுமையாக எதிர்த்தார். இரண்டும் நியாயமான மறுப்புகள். நடக்காத பிள்ளைக்குப் பள்ளிக் கதவைச் சாத்துவது பள்ளியின் குற்றம். அதைப் பிள்ளையின் காலில் ஏற்றக்கூடாது. அதிசய சிகிச்சை என்ற பேச்சு அத்தோடு முடியட்டும். ஆனால் அந்த மதிப்பீட்டில் எதிர்த்தட்டில் இருந்தது முழுவசதி கொண்ட சிறப்புப் பள்ளி. நம் அந்தியூர்ப் பக்கத்து மலைக்கிராமங்களில் ஒப்பிட வேண்டியது அதனோடு அல்ல.

அந்தியூரிலிருந்து வரட்டுப்பள்ளம் தாண்டி மலையேறும் சாலையில் தாமரைக்கரை, பர்கூர் என்று ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. கூலிக்குப் போகும் தாய், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிகிச்சைக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று மலையிறங்க முடியுமா? வட்டார வள மையத்திலிருந்து பயிற்சியாளர் வந்துபோன பிறகும் பல நாட்கள் கிடக்கின்றன. அந்த நாட்களை நிரப்புவது எப்படி என்பதே இங்குள்ள கேள்வி. நாளின் ஒவ்வொரு செயலையும் பயிற்சியாக்கும் பெட்டோவின் எண்ணம் அதற்குப் பொருந்துகிறது. அவருடைய கட்டில் வேண்டியதில்லை. திண்ணையும் பாயும் போதும்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1985-இல் பூனம் நடராஜன் சென்னையில் தொடங்கிய வித்யாசாகர் அமைப்பு பெற்றோரையும் பயிற்சியில் பங்காளிகளாக்கியது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981-இல் எஸ். இராமகிருஷ்ணன் நிறுவிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பணியாளர்களைப் பழக்கி வீடுகளுக்கே அனுப்புகிறது. நிபுணர்கள் பின்னால் நின்று வழிகாட்டுகிறார்கள். இவர்கள் பெட்டோவைப் பின்பற்றினார்கள் என்று சொல்லவில்லை. பிள்ளையைக் கூறுபோடாமல் வீட்டோடு சேர்த்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதைத் தம் வழியில் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

தாயின் தலையில் இன்னொரு பாரமா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அதனால்தான் சம்பளம் இல்லாத தாயை நம்பி இதை நடத்தக்கூடாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆகவே பர்கூர் மலையிலேயே பிறந்த பெண்களுக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுத்து, இந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கு அனுப்ப அரசு முன்வர வேண்டும்.