கண்டோபாவின் ஞாயிறு

பம்பாய்ப் பரேலில் நாங்கள் குடியிருந்த ‘சால்’ என்ற வரிசை வீட்டுக் குடியிருப்பில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மில் சங்கான போங்கா ஊதாது. திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்த அப்பா, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை அன்றைக்குத் தள்ளி வைத்திருந்தார். பக்கத்து அறை மராட்டியக் காகா நெற்றி நிறைய மஞ்சளை அப்பிக்கொண்டு கண்டோபா சாமி படத்தின் முன்னால் உட்காருவார். வாரம் முழுக்கத் தறி இரைச்சலில் கத்திக் கத்தியே பேசிப் பழகியவர், அந்த அரைமணி நேரம் வாயைத் திறக்கமாட்டார். பிள்ளைகள் நாங்களும் நடையில் ஓடமாட்டோம்.

வெள்ளைக்காரன் சர்ச்சுக்குப் போவதற்காக விட்ட லீவு நமக்கும் கிடைத்தது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். சர்க்கார் ஆபீசுக்கு அது பொருந்தும். மில்லுக்குப் பொருந்தாது.

பம்பாயின் முதல் பருத்தி மில் 1854இல் நிறுவப்பட்டது. மின்விளக்கு வராத காலம். விடிந்தால் வேலை, இருட்டினால் வீடு. கோடையில் பகல் நீண்டால் வேலையும் நீளும். மெஷின் நிற்கிற நாளிலும் அதைத் துடைக்க ஆளைக் கூப்பிடுவார்கள். 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைத் தொழிலாளர்களுக்கு மட்டும் மாதம் நான்கு நாள் விடுமுறை தந்தது. பெரியவர்களுக்கு அதுவும் இல்லை.

பெரியவர்களுக்கும் வார விடுமுறையைக் கேட்டு வாங்கியவர் நாராயண் மேகாஜி லோகண்டே. மில்லில் ஸ்டோர்கீப்பராக வேலை பார்த்தவர், சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலேயின் சத்யசோதக் சமாஜத்துக்காரர், ‘தீனபந்து’ பத்திரிகையை நடத்தியவர். 1884இல் 5,500 தொழிலாளர்கள் கையெழுத்திட்ட மனுவைக் கொடுத்தார். மதியம் அரைமணி இடைவேளை வேண்டும், காலை ஆறரைக்கு முன் வேலை தொடங்கக் கூடாது, ஞாயிறுதோறும் விடுமுறை வேண்டும்.

ஏன் ஞாயிறு? மகாராஷ்டிரத்தின் ஜேஜூரி மலையில் இருக்கும் கண்டோபாவை மார்த்தாண்ட பைரவர் என்றும் சொல்வார்கள். மார்த்தாண்டன் என்றால் சூரியன்; அவருடைய கிழமை ஞாயிறு. தமிழில் அந்தக் கிழமைக்கே சூரியன் பெயர்தானே! உடம்பு ஓய்ந்துவிட்டது என்று மட்டும் கேட்டிருந்தாலே நியாயம்தான். சாமியைக் கும்பிடவும் ஒரு நாள் வேண்டும் என்று கேட்டாரே, அதுதான் என் மனதைத் தொடுகிறது. கூலிக்காரனுக்கும் உள்ளே ஒன்று இருக்கிறது, அதற்கும் நேரம் வேண்டும் என்பதை முதலாளிகளுக்கு நேராகச் சொன்ன கோரிக்கை அது.

ஆறு வருடம் முதலாளிகள் மசியவில்லை. 1890 ஏப்ரலில் மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் கூடினார்கள். பெண் தொழிலாளர்கள் இருவர் எழுந்து பேசினார்கள். ஜூன் 10 அன்று மில் முதலாளிகள் சங்கம் இறங்கி வந்தது. மறு ஆண்டு வார விடுமுறை சட்டமாகவே ஆயிற்று. 1897இல் பம்பாயைச் சூறையாடிய பிளேக், லோகண்டேயையும் கொண்டுபோனது.

இன்று என் மகன் ஞாயிறு காலையிலும் ஆபீஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறான். பார்க்கும்போதெல்லாம் காகாவின் அரைமணி நேரம் நினைவுக்கு வருகிறது. அந்த நேரம் 5,500 பேர் கையெழுத்துப் போட்டு வாங்கியது. அதை விட்டுவிடாதீர்கள். உங்கள் கடையில் நிற்கும் பையனுக்கும், வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் சம்பளத்தோடு ஒரு ஞாயிறு உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால், வருகிற வாரமே கொடுங்கள்.