அறிவியற் பெயருள் தமிழ்ச்சொல்: கத்தாளை மீன்

நெய்தல் நிலத்து வழக்குச் சொற்களுள் சில மேனாட்டு இயற்கை நூல்களில் ஏறி நிலைபெற்றுள்ளன. அவற்றுள் கத்தாளை என்னும் மீன்பெயரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

கத்தாளை ஒரு மீனுக்கே உரிய பெயரன்று. கரையை அடுத்த கடலில், சேறும் மணலும் படிந்த அடித்தளத்தை ஒட்டி வாழும் மீன்கள் பலவற்றுக்கு அது பொதுப்பெயர். கத்தலை எனவும் வழங்கும். இவை அடங்கிய குடும்பத்தை அறிவியலார் சையனிடே என்பர். இவற்றுட் பல காற்றுப்பையை அதிர்வித்து ஒலி எழுப்பும். அதுபற்றிக் 'கத்து' என்னும் வினையடியோடு இப்பெயரை இயைக்கத் தோன்றும். ஆயின் ஒலியொப்புமை ஒன்றே கொண்டு வேர் துணிதல் ஆய்வு நெறியன்று.

1771-இல் தரங்கம்பாடிக்கு வந்த சமயத் தொண்டர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், அக்கரை மீன்களைப் பெர்லின் நகரத்து மருத்துவர் மார்க்கசு எலியேசர் பிளாக்கிற்கு அனுப்பினார். பிளாக் 1793-இல் ஒரு பேரினத்துக்கு ஜானின் பெயரால் ஜானியசு எனப் பெயரிட்டார். அதன் இனமொன்றைக் கறுட்டா என்றார். இது கறுத்த கத்தாளை என்னும் தொடரின் முன்மொழியாகிய பெயரெச்சமே. கறுப்பு என்னும் சொல் வெகுளியேயன்றி நிறமும் உணர்த்தும் என்பது தொல்காப்பிய உரியியலாற் பெறப்படும். உரோமன் எழுத்து ரகர றகர வேறுபாட்டைக் காட்டாதாயினும், பொருளால் றகரமே கொள்ளத்தகும்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. அக்காலச் செருமானியர் தமிழை மலபார் மொழி என்றே வழங்கினர். ஆதலின் அந்நாளைய மீன்நூல்களில் மலபார்ப் பெயர் எனக் குறிக்கப்பட்டதை மலையாளச் சொல் என உடனே கொள்ளுதல் பொருந்தாது. அம்மீன் எக்கரையினின்று சென்றது என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

பெயரெச்சம் இலத்தீன் ஏறியபோது பெயர்ச்சொல் கரையிலேயே நின்றுவிட்டது. 176 ஆண்டுகள் கழித்து, 1969-இல், லால் மோகன் கத்தாலா என்னும் பேரினத்தை நிறுவியபோது அதுவும் நூலேறிற்று. ஆயினும் அது வேறோர் இனத்தின் பெயராயிற்று. கறுத்த கத்தாளை இன்றும் ஜானியசு பேரினத்திலேயே உளது. அவரே அவ்வாண்டில் பன்னா என்னும் பேரினத்தையும் நிறுவினார். தமிழகக் கரையில் பன்னா என்பது இக்குடும்பத்து மீன்கள் சிலவற்றுக்கு வழங்கும் பெயராகும்.

ஜானியசு கறுட்டா என்னும் இருசொற் பெயரில் மீனை அனுப்பியவர் பெயர் முன்னும், மீனவர் சொல் பின்னும் நிற்கின்றன. அச்சொல்லை வழங்கிய பரதவர் பெயர் எங்கும் இல்லை. நம் அகராதிகள் இத்தகைய சொற்களுக்கு 'ஒருவகைக் கடல்மீன்' என்னும் அளவில் பொருள் கூறி அமைதல் போதாது. எக்கரையில், எவ்வினத்துக்கு, எவ்வடிவில் வழங்குகின்றது என மீனவர்பாற் கேட்டறிந்து பதிதல் தமிழ் ஆய்வாளர் கடனாகும்.