கரண்ட் போய் வந்ததும் 1970-க்கு போகும் வைஃபை ரவுட்டர்.. நெட் இல்லாமலே நேரத்தை செட் செய்வது எப்படி?

மாலை 7 மணிக்கு கரண்ட் வருகிறது. ரவுட்டரில் லைட் எரிகிறது, ஆனால் மொபைலில் வைஃபை பெயரே காட்டவில்லை. ரவுட்டர் போயிடுச்சு என்று முடிவு கட்டும் முன், அதன் கடிகாரத்தை பாருங்கள்.

என்ன காரணம்?

கம்ப்யூட்டரில் கடிகாரத்துக்கென தனி பேட்டரி இருக்கும். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் அது கிடையாது. ஆஃப் ஆனதும் நேரம் மறந்துபோகும். மீண்டும் ஆன் ஆனதும், என்டிபி எனும் முறையில் இணையத்திலிருந்து நேரத்தை கேட்டு வாங்கும். நெட் இல்லையென்றால் பல ரவுட்டர்கள் 1970 ஜனவரி 1-ல் இருந்தே எண்ணத் தொடங்கும். இந்திய நேரப்படி அது அதிகாலை 5.30 மணி. இரவு 11 முதல் காலை 6 வரை வைஃபை ஆஃப் என செட் செய்திருந்தால், சில ரவுட்டர்கள் இதை இரவு என்றே நினைத்துக்கொள்ளும். குழந்தைகளுக்கான நேரக் கட்டுப்பாடும் இப்படித்தான் குழம்பும்.

எப்படி செட் செய்வது?

* மொபைல் டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு வைஃபையில் இணையுங்கள். வைஃபை வரவில்லையா? லேப்டாப்பில் லேன் கேபிள் போடுங்கள்.

* பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என டைப் செய்யுங்கள். சரியான எண் ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். இதற்கு நெட் தேவையில்லை.

* லாகின் செய்து, சிஸ்டம் பகுதியில் டைம் செட்டிங்ஸ் போங்கள். டைம் ஸோன் ஜிஎம்டி +5:30 என இருக்க வேண்டும்.

* மேனுவல் என்பதை தேர்வு செய்து தேதி, நேரம் கொடுங்கள். 'கெட் ஃப்ரம் பிசி' பட்டன் இருந்தால் ஒரே தட்டில் வேலை முடியும். சேவ் செய்யுங்கள்.

மறுபடியும் மாறாமல் இருக்க?

கையால் செட் செய்த நேரம் அடுத்த முறை கரண்ட் போனால் மறைந்துவிடும். ரவுட்டருக்கான மினி யுபிஎஸ் இருந்தால் இந்த தொல்லை குறையும். ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் போட்ட ரவுட்டர்கள், தங்களிடம் கடைசியாக சேமித்த ஃபைலின் தேதியிலிருந்து தொடங்கும். அது துல்லியமான நேரம் இல்லை, ஆனாலும் 1970 அளவுக்கு பின்னால் போகாது.

நெட் வந்த பிறகும் நேரம் சரியாகவில்லையா? ரவுட்டரில் விபிஎன் அல்லது பாதுகாப்பான டிஎன்எஸ் ஆன் செய்திருந்தால் அதுவும் காரணமாகலாம். தேதி தப்பாக இருந்தால், பாதுகாப்பு சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என ரவுட்டர் மறுத்துவிடும். கையால் ஒருமுறை தேதியை சரிசெய்தாலே இந்த முடிச்சு அவிழும்.