புலமைப் பரிசில் வளர்ந்த கதை

கூர்மதி படைத்த பிள்ளையைப் பொதுப் பணத்திற் படிப்பிப்பது இலங்கைக்குப் புதியதன்று. கொழும்பு அக்கடமி மாணவரான பொன்னம்பலம் அருணாசலம், 1870களின் தொடக்கத்தில் அரசாங்கப் புலமைப் பரிசில் பெற்றே கேம்பிரிட்ஜ் சென்றார். ஆயினும் அப்பரிசில் ஆங்கிலக் கல்லூரியை எட்டியவர்க்கே எட்டிற்று.

கிராமத்து ஏழைப் பிள்ளைக்கும் வழி திறந்தவர் கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அவரும் இளமையிற் புலமைப் பரிசில் பெற்றுக் காலி றிச்மண்ட் கல்லூரியிற் பயின்றவரே. 1940களில் நாடெங்கும் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்புப் பரீட்சையிற் சிறந்த பிள்ளைகள் அவற்றின் விடுதிகளிற் பொதுச் செலவிலே தங்கிப் பயின்றனர். 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வியும் நடைமுறைக்கு வந்தது.

இன்றும் அப்பரீட்சையின் உதவிப்பணம் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கே உரியது. புகழ்பெற்ற பாடசாலையில் இடமோ புள்ளி மிகுந்தவர்க்குக் கிடைக்கிறது. வெள்ளவத்தையில் தனிவகுப்புக்குப் பணங்கட்டும் வீட்டுப் பிள்ளையும், கொட்டாஞ்சேனையில் நாட்கூலி பெறுபவரின் பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றனர். முன்னவரின் புள்ளியிற் பெற்றோரின் பணமும் கலந்திருக்கிறது.

வறுமை மறைத்த திறமையைத் தேடியெடுக்கவே இப்பரிசில் விரிவாக்கப்பட்டது. பத்து வயதுப் பிள்ளைகளை நிரைப்படுத்தும்போது அந்நோக்கத்தை மறவாதிருப்போமாக.