பைபுறோமயால்சியா: ஒரு நோவின் வரலாறு

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்” என்பது நம்மவர் பழமொழி. பிறர்படும் நோவை நாம் நேரே உணர்தல் இயலாது. அவர் சொல்லைக் கொண்டே அறிதல் வேண்டும். காயம், வீக்கம், காய்ச்சல் முதலிய புற அடையாளங்கள் உளவாயின் அச்சொல்லை உலகம் எளிதில் ஏற்கும். அவை யாதுமின்றி, உடலெங்கும் மாதக்கணக்காக உளைகின்றது என்று ஒருவர் கூறின், அது மெய்யோ என்னும் ஐயம் எழுகின்றது. பைபுறோமயால்சியா என்று இன்று வழங்கும் நோயின் வரலாறு பெரும்பாலும் இவ்வையத்தின் வரலாறேயாம். நீடித்துப் பரந்த நோவு, ஓயாக் களைப்பு, உறங்கி எழுந்தும் தெளிவின்மை, மறதி என்பன அதன் குறிகள். வளர்ந்தோருள் நூற்றுக்கு இருவர் முதல் நால்வர் வரை இதனால் வருந்துவர் என மதிப்பிடுவர். அவருள் பெண்களே மிகுதியினர்.

நோய் புதியதன்று, பெயரே புதியது. அழுத்தினால் நோகும் இடங்கள் உடலில் உளவாதலை 1841 ஆம் ஆண்டிலே பிரெஞ்சு வைத்தியர் வலே எடுத்துக் காட்டினார். 1904 ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் சேர் வில்லியம் கவர்ஸ், நாரிப்பிடிப்புப் பற்றிய தம் விரிவுரையில், நார்த்திசுவின் அழற்சியே இத்தகைய நோவுக்குக் காரணம் எனக் கருதி, ‘பைபுறோசைற்றிசு’ என்னும் பெயரை வழங்கினார். அச்சொல்லின் ஈற்றிலுள்ள விகுதி அழற்சியைக் குறிப்பது. அதே ஆண்டில் ஸ்கொத்லாந்து வைத்தியர் ஸ்ரொக்மன், நோயாளரின் திசுக்களில் அழற்சியைக் கண்டதாக அறிவித்தார். பின்வந்த ஆய்வுகளோ அதனை உறுதிப்படுத்தவில்லை. பெயர் நின்றது; அது சுட்டிய பொருள் கிடைத்திலது.

தசையிலே காரணம் காணப்படாமையால், சிலர் அதனை உள்ளத்திலே தேடினர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், உடல் நோவினால் மருத்துவமனை புகுந்த அமெரிக்கப் போர்வீரர் பலரை ஆராய்ந்த போலண்ட், கோர் என்னும் இருவர், 1943 ஆம் ஆண்டில் ‘உளவழி வாதம்’ என்னும் கருத்துப்பட ஒரு பெயரை எடுத்தாண்டனர். மனக்கவலை நோவை மிகுவிக்கும் என்பது உண்மையே. ஆயினும் ‘உள்ளத்தின் வினை’ என்ற சொல், ‘இல்லாத நோய்’ என்ற பொருளிலே மக்கள் செவியில் விழுந்தது. உடல்நோவோடு பிறர் நம்பாமையால் விளையும் நோவும் நோயாளரைச் சார்ந்தது.

திருப்பம் வேறொரு திசையினின்று வந்தது. உடலினின்று எழும் நோவுச் செய்தி மாற்றமின்றி மூளையை அடைவதில்லை. முண்ணாணிலுள்ள ஒரு வாயில் அதனைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என்று 1965 ஆம் ஆண்டில் மெல்சாக், வோல் என்போர் கூறினர். 1975 இல் ரொறன்ரோவில் மொல்டொப்ஸ்கியும் ஸ்மைத்தும் அவர்தம் குழுவினரும் உடல்நலமுள்ள மாணவர் சிலரை ஆழ்ந்த உறக்கம் கொள்ளாவாறு ஒலியெழுப்பித் தடுத்தனர். அம்மாணவருக்கும் உடல் உளைவு தோன்றியது. அடுத்த ஆண்டில் ஹெஞ்ச் என்பார் பைபுறோமயால்சியா என்னும் பெயரை முன்வைத்தார். நார், தசை, நோவு என்பனவே அதன் உறுப்புக்கள். காணப்படாத அழற்சியைக் கூறிய பெயர் நீங்கி, உணரப்படும் நோவை மாத்திரம் கூறும் பெயர் நிலைபெற்றமை கருதத்தக்கது. 1990 இல் அமெரிக்க வாதநோய்க் கல்லூரி, மூன்று மாதம் நீடித்த பரந்த நோவும், குறித்த 18 இடங்களுள் 11 இலேனும் அழுத்தத்தால் நோவும் இருத்தல் வேண்டும் என வரையறுத்தது.

2002 ஆம் ஆண்டில் கிரேசிலி குழுவினர் நோயாளரின் பெருவிரல் நகத்தை மெல்ல அழுத்தி, மூளையின் செயலைப் படமெடுத்தனர். பிறருக்கு வன்மையான அழுத்தம் விளைத்த நோவையும் மூளைச் செயலையும் இவர்களுக்கு மென்மையான அழுத்தமே விளைத்தது. நரம்புத் தொகுதி நோவுச் செய்தியைப் பெருக்குகின்றது என்னும் கொள்கை இதனால் வலுப்பெற்றது. 2010 இல் வெளிவந்த புதிய வரையறை, விரலால் அழுத்திப் பார்த்தலை விடுத்து, நோகும் இடங்களையும் களைப்பையும் உறக்கத்தையும் நினைவாற்றலையும் நோயாளரிடமே வினவியது. அவர் சொல் சான்றாயிற்று.

இந்நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை. 2007 ஆம் ஆண்டு முதல் ஐக்கிய அமெரிக்கா இதற்கென ஏற்ற மருந்துகள் சிலருக்கே ஓரளவு துணைசெய்கின்றன. ஐரோப்பிய வாதநோய் அறிஞர் 2016 இல் திருத்திய பரிந்துரைகளில், உறுதியாக வலியுறுத்தப்பட்டது உடற்பயிற்சி ஒன்றே. நடத்தல், நீந்தல் போன்றவற்றைச் சிறிது சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தல் வேண்டும். நோவு தணிந்த நாளில் எல்லா வேலையையும் ஒருங்கே முடிக்க முனைந்து, மறுநாள் படுக்கையிற் கிடத்தல் நன்றன்று. வேலையையும் ஓய்வையும் அளவாகப் பகிர்தலே தக்கது. உறங்கும் நேரத்தை ஒழுங்குசெய்தலும், நோவைப் பற்றிய அச்சத்தைத் தணிக்கும் உளப்பயிற்சியும் பயன்தரும்.

இவையாவும் நெடுநாள் முயற்சியை வேண்டுவன. வீட்டாரும் உடன்பணி புரிவோரும் நம்பாதவிடத்து அம்முயற்சி நிலைத்தல் அரிது. கருவி காட்டாதது இல்லாதது என்று கொண்டமையே இவ்வரலாற்றின் நெடிய பிழை. கருவி பின்னர் வந்தது. நோயாளர் சொல்லோ தொடக்கத்திலிருந்தே மெய்யாயிருந்தது.